கொண்டைக்குள் இருந்த மழை

கடலுக்கும் கரிசல்காட்டுக்கும் நடுவே, இரண்டுக்கும் உதவாத மண்ணில், உப்பை நம்பி உட்கார்ந்திருக்கிற ஊர் எங்கள் கரிச்சான்துறை. அந்த ஊருக்கு ஒரு காலத்தில் மழை வானத்தில் இருக்கவில்லை, என் தம்பி மகள் பவளக்கனியின் தலையில் இருந்தது. அவள் கொண்டை போட்டிருந்தால் வெயில், கொண்டையை அவிழ்த்தால் மழை. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் வாயைப் பிளப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் பிளக்கவில்லை. எந்த அதிசயத்தைப் பார்த்தாலும் அவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இதனால் என் உப்புக்கு என்ன ஆகும்?

பவளக்கனிக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. பேனாவுக்குள் இருக்கிற சுருள்கம்பி மாதிரி, இழுத்தால் முழங்கை வரை வந்து, விட்டால் காதோரம் போய் ஒட்டிக்கொள்கிற சுருட்டை. அவளைப் பெற்ற வருஷமே அவள் அம்மா காய்ச்சலில் போய்விட்டதால், அந்தத் தலையை வாருவதற்கு ஊரில் ஆளாளுக்கு உரிமை எடுத்துக்கொண்டார்கள். அன்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். தெருப் பைப்பில் தண்ணீர் வருகிறவரை பொழுது போகாத பெண்கள் அவளைப் பிடித்து இரண்டு முட்டிக்கு நடுவே உட்காரவைத்து, காய்ந்த முடியில் சீப்பைப் போட்டு, உச்சியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாக இழுத்து, சீப்பின் பல் உடைந்தால் பிள்ளையின் மண்டையில் குட்டுவார்கள். தேங்காய் நார் என்பார்கள், பாத்திரம் தேய்க்க ஆகும் என்பார்கள், உள்ளே காக்காய் குஞ்சு பொரித்திருக்கிறதா பார் என்பார்கள், சொல்லிவிட்டு அவர்களே சிரிப்பார்கள். வேலம்மாள் என்று ஒருத்தி, துக்கவீடோ கல்யாணவீடோ முறை சொல்வதற்கென்றே முன்வரிசையில் போய் உட்காருகிறவள், பவளக்கனி ஆரத்தித் தட்டைத் தொட்டபோது தட்டைப் பிடுங்கிக்கொண்டு சொன்னாள்: “நீ உள்ள போயிரு தாயி. மாப்பிள்ள வீட்டுக்காரன் இந்தத் தலையப் பாத்தா வண்டியத் திருப்பிருவான்.”

அந்தத் தட்டை நான் இன்னும் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

வளர்ந்து, அப்பன் உத்தண்டுவோடு அளத்து வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அவள் தலை அவள் கைக்கு வந்தது. உப்பளத்துக் காற்று இரும்பைத் தின்னும், செருப்பைத் தின்னும், சுருட்டை முடி கிடைத்தால் முறுக்கைப் போல நொறுக்கித் தின்னும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவள் தலையைத் தட்டினால் தோளெல்லாம் ஒடிந்த முடியாகக் கிடக்கும். அவள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெண்டைக்காயை வேகவைத்து, அந்தக் கொழகொழப்பைத் துணியில் வடிகட்டி, தலையை நன்றாக நனைத்து, சீப்பைத் தொடாமல் விரலாலேயே நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்தாள். பிறகு அளத்தில் வரப்புப் போட்டுப் பாத்தி பிரிக்கிற மாதிரி தலையில் வகிடு வகிடாகப் போட்டு, ஒவ்வொரு பாத்தி முடியிலும் கொழகொழப்பையும் எண்ணெயையும் தடவி, ஈரம் காய்வதற்குள் அடியிலிருந்து முறுக்கி, முறுக்கினதை அதன் மேலேயே சுற்றி, சுண்டைக்காய்க்குப் பெரியதும் எலுமிச்சைக்குச் சிறியதுமாகக் கொண்டை கொண்டையாக முடிந்து, காற்று முதலில் கடிக்கிற நுனியை உள்ளே செருகி மறைத்தாள். ரப்பர் பேண்டு போடவில்லை. அப்பனின் பழைய வேட்டிக் கிழிசலால் தளரக் கட்டினாள்.

கடைசி நுனியைச் செருகினபோது, கடல்மேல் நின்றுகொண்டிருந்த மேகம் கரைக்கு வந்து, அளத்துக்கு மேலே வந்து, உத்தண்டு வீட்டுக்கு மேலே வந்து, கடைகிற மத்தில் வெண்ணெய் சுற்றிக்கொள்வது போல அவள் கொண்டைகளைச் சுற்றிக்கொண்டு, உள்ளே போய், இல்லாமல் போயிற்று. உத்தண்டு வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“ஏட்டி, தலை கனக்கா?” என்று கேட்டான்.

“இல்லப்பா. கொஞ்சம் குளுந்தாப்புல இருக்கு.”

அவன் வாயைக் கொப்பளித்துவிட்டுக் காப்பி கேட்டான். அவன் அப்படிப்பட்டவன். வந்ததை வந்தபடி வைத்துக்கொள்வான். எனக்கு இருக்கிற கோபத்தில் கால்வாசிகூட அவனுக்குக் கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அலசுவதற்காக அவள் காதோரத்துக் கொண்டை ஒன்றை அவிழ்த்தாள். சித்திரை மாதம், வானம் வெள்ளையாகக் கிடந்தது, அந்த வெள்ளை வானத்திலிருந்து கரிச்சான்துறைக்கு மட்டும் என்று அளந்து வைத்த மாதிரி மழை கொட்டியது. ஊர் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் புழுதி. பாத்திகளில் பூத்துக் கிடந்த உப்பெல்லாம் கண்ணெதிரே கரைந்தது. அவள் அந்த முடியை மறுபடி முறுக்கிச் சுற்றினாள், மழை நின்றது. காரணம் கண்டுபிடிக்க ஊருக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. பழி போட ஆள் பிடிப்பதில் எங்கள் ஊர்க்காரர்கள் கெட்டி. சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வேலம்மாள் அன்று பொழுது சாய்வதற்குள் வீடு வீடாகச் சொல்லி முடித்துவிட்டாள்.

தனுஷ்கோடி முதலாளி வந்தார். ஊர் அளத்தில் பாதிக்கு மேல் அவருக்குச் சொந்தம். மீதிக்குச் சொந்தக்காரர்கள், அவர் தும்மினால் தங்கள் மூக்கைத் துடைத்துக்கொள்கிறவர்கள். அவர் பின்னால் ஊர் வந்தது. எல்லோரும் அவள் தலையைப் பார்த்தார்கள். நேற்றுவரை குப்பை என்று சொன்ன தலையை இன்று கோயில் கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி அண்ணாந்து பார்த்தார்கள், அவள் உட்கார்ந்திருந்தபோதும் அண்ணாந்துதான் பார்த்தார்கள், அது எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

“மொட்டை போட்டுருவோமா?” என்றான் ஒருத்தன்.

“போடலாம். கத்தி பட்ட ஒடனே மொத்தமும் எறங்கிச்சுன்னா?” என்றான் இன்னொருத்தன்.

அதற்கு அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பயம் மட்டும் இல்லையென்றால் என்றோ அவளைச் சிரைத்திருப்பார்கள்.

“இது பொத்தி வைக்கிற கொண்டை முதலாளி, பூட்டி வைக்கிற கொண்டை இல்ல,” என்று பவளக்கனி சொன்னாள். “வாரத்துக்கு ஒருக்கா அவுத்து, அலசி, எண்ணெ காட்டி, திரும்ப முடியணும். இல்லன்னா சிக்கு விழுந்து சடையாப் போயிரும். ஞாயித்துக்கெழமை உப்ப வாரிக் குவிச்சு, மேல கீத்தப் போட்டு மூடிட்டுச் சொல்லி அனுப்புங்க. நான் ஒண்ணொண்ணா அவுக்கேன்.”

நல்ல ஏற்பாடுதான். ஒரு வருஷம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை உப்பு அம்பாரத்தை மூடுவார்கள், அவள் முற்றத்தில் உட்கார்ந்து ஒரு கொண்டையை அவிழ்ப்பாள், மழை பெய்யும், வீட்டுக்கு வீடு அண்டாவைத் தூக்கி வெளியே வைப்பார்கள், நல்ல தண்ணீர் குடிப்பார்கள், குடித்துவிட்டு அவளைப் பற்றிக் குறை பேசுவார்கள். அவள் கல்யாண வீட்டுக்கு வரவேண்டும் என்று இப்போது வண்டி அனுப்பினார்கள். வந்தால் பந்தலில் மின்விசிறிக்குத் தள்ளி, காற்றில் ஒரு முடியும் பறக்காத மூலையில் உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு ஆளையும் போட்டார்கள். மாப்பிள்ளையை விட அவள் தலையைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள்.

பிறகு பெண்கள் எல்லோரும் கொண்டை கொண்டையாகப் போட ஆரம்பித்தார்கள். யார் தலையில் என்ன இருக்கிறதோ, எதற்கு வம்பு என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவெடுத்தார்கள். நீட்டு முடிக்காரிகளுக்கு அது நிற்குமா? சுற்றிச் சுற்றி வைப்பார்கள், நாலு எட்டு நடப்பதற்குள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து சாட்டை மாதிரித் தொங்கும். வேலம்மாள் தலையில் இருந்த பத்து முடியையும் ஐந்து கொண்டையாக்கி, தலையில் எலிக்குஞ்சு உட்கார்ந்த மாதிரி தெருவில் போனாள். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் மட்டும் அவர்களுக்குச் சிரிப்பு வராது.

இரண்டாம் வருஷம் உப்பு நன்றாக விளைந்தது, விளைந்ததும் ஆசை வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் உப்பு வாரலாமே, மூடுகிற வேலை மிச்சமாகுமே என்று ஆரம்பித்தார்கள். தை மாதத்திலிருந்து ஐப்பசி வரை அவிழ்க்கவே கூடாது என்று முதலாளி சொல்லியனுப்பினார். சொல்லியனுப்பியதோடு நிற்காமல், தினமும் காலையில் கொண்டைகளைச் சரிபார்க்க ஆளும் அனுப்பினார். அந்த ஆள் வேலம்மாள்தான். அவள் குத்தூசிகளோடும் கட்டுக்கம்பியோடும் வந்தாள். கரிச்சான்துறை மூளைக்கு எட்டிய ஞானம் இவ்வளவுதான்: இறுக்கக் கட்டினால் பத்திரம். அளத்தில் சாக்கு மூட்டையின் வாயை இறுக்குகிற கணக்கில் அவர்கள் அந்தத் தலையை இறுக்கினார்கள். இறுக்க இறுக்க நெற்றிப் பொட்டில் முடி வேரோடு தெறித்தது. ஒரு முடி தெறித்தால் ஒரு பொட்டுத் தூறல். தூறல் விழுந்ததும், “பாத்தியா, தளந்துட்டு,” என்று இன்னும் இறுக்கினார்கள். இன்னும் தெறித்தது. இன்னும் தூறியது. பங்குனி முழுவதும் ஊரில் இந்த நசநசப்புத்தான். உப்பு வெள்ளையாகாமல் அழுக்காகக் கிடந்தது, அதற்கும் அவளைத்தான் வைதார்கள்.

“அக்கா, கம்பிய எடுங்க. அவுத்து அலச விட்டா தூறல் நிக்கும்,” என்று உத்தண்டு கெஞ்சினான்.

“ஒனக்கு என்ன தெரியும்? நான் எத்தன பிள்ளைக்குத் தலை வாரியிருக்கேன்,” என்றாள் வேலம்மாள். வாரியிருந்தாள்தான். அந்தப் பிள்ளைகளெல்லாம் எப்படி அலறினார்கள் என்பதும் ஊருக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில் முள்ளிக்கரிசலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மேற்கே இருக்கிற மானாவாரி ஊர். வானம் பார்த்துக் கம்பு விதைக்கிறவர்கள். சங்கிலி என்பவர் முன்னால் நின்று, தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பேசினார்.

“ஒங்களுக்குத்தான் மழை ஆவாதே. பிள்ளைய ஒரு நாளைக்கு எங்க காட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். ஒரு கொண்டைய அவுத்துட்டு வந்துரட்டும். வண்டியில கூட்டிட்டுப் போயி வண்டியிலயே கொண்டாந்து விடுதோம்.”

“அதெப்படி?” என்றார் முதலாளி. “அது எங்க ஊர் மழை.”

“பெய்யவே விட மாட்டேங்கியளே அண்ணாச்சி.”

“பெய்யவும் வேண்டாம், வெளிய போவவும் வேண்டாம். எங்க ஊர்ப் பொருள் எங்க ஊர்லயே இருக்கட்டும்.”

ஊரே தலையாட்டியது. தனக்கு வேண்டாத ஒன்றை அடுத்தவனுக்குக் கொடுக்க மனம் வராத கூட்டத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. சங்கிலி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பவளக்கனிக்கு அன்றைக்கெல்லாம் தலைவலி. கழுத்தை ஒரு பக்கம் திருப்ப முடியவில்லை. இவ்வளவு மழையைச் சுமந்தால் எந்தக் கழுத்துத் தாங்கும்?

வைகாசியில், வெயில் கண்ணைப் பறிக்கிற ஒரு காலையில், உத்தண்டு பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவன் வாருபலகையைப் பிடித்தபடியே முகம் குப்புற விழுந்தான். தூக்கும்போது உயிர் இல்லை. முகத்தில் உப்பு ஒட்டியிருந்தது. என் தம்பியை நான்தான் துடைத்தேன். கொண்டுவந்து வாசலில் பெஞ்சில் கிடத்தினோம். பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கத்தில் செத்தவருக்குப் பெண்கள் கொடுக்கிற மரியாதை தலையை விரித்துப் போட்டு அழுவது. பெற்ற மகள் தலையை விரிக்கவில்லை என்றால், போகிறவன் பிள்ளை இல்லாதவனாகப் போகிறான் என்று அர்த்தம். அந்த முறையைக் கரிச்சான்துறையில் தெரியாதவர் கிடையாது. பவளக்கனி அப்பன் கால்மாட்டில் உட்கார்ந்து, கையைத் தலைக்குக் கொண்டுபோனாள்.

“ஏளா, பொறு பொறு,” என்றார் முதலாளி.

அளத்தில் அன்று அந்த வருஷத்து உப்பு முழுவதும் கிடந்தது. பாதி பாத்தியில், பாதி அம்பாரத்தில், ஒன்றுக்கும் கீற்றுப் போடவில்லை. மழைதான் பூட்டிக் கிடக்கிறதே என்று அந்த வருஷம் கீற்றே வாங்கவில்லை.

“அழு தாயி. யாரு வேண்டாங்கா? நல்லா அழு. தலையை மட்டும் அவுக்காத.”

“எங்கப்பா, முதலாளி.”

“தெரியும். எனக்கும் அவன் வேண்டியவன்தான். சரி, ஒண்ணு செய்வோம். ஒரே ஒரு கொண்டைய அவுத்துக்கோ. பின்னால இருக்கது சின்னது. அத அவுத்துட்டு ஒடனே முடிஞ்சிரு. முறைக்கு முறையுமாச்சு.”

“சின்னதுகூட இப்பம் வேண்டாம்,” என்றான் கூட்டத்தில் ஒருத்தன். “பெணத்த முள்ளிக்கரிசலுக்குத் தூக்கிட்டுப் போயி அங்க வச்சு அவுக்கட்டுமே. அவனுவதான் கேட்டானுவளே.”

“ஆமா, அதான் சரி,” என்றது ஊர். ஊர்ப் பொருளை வெளியே விடமாட்டோம் என்று சொன்ன அதே வாய்கள்தான். என் தம்பியைப் பிணமாக வைத்துக்கொண்டு, அவன் சாவு எத்தனை கொண்டை பெறும் என்று பேரம் பேசினார்கள். முப்பது வருஷம் அவர்கள் உப்பை வாரினவன். நான் சத்தம் போட்டேன். என் சத்தத்தை யார் மதித்தார்கள்? “அண்ணாச்சி, நீங்க செத்த சும்மா இருங்க,” என்று என்னைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

பவளக்கனி அவர்களைப் பார்க்கவில்லை. அப்பனின் கால் பெருவிரல்களைக் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் தூக்கி, நெற்றியோரத்துக் கட்டுக்கம்பியைப் பிரித்தாள். குத்தூசிகளை ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட்டாள். வேலம்மாள் அவள் கையைப் பிடிக்கப் போனாள். பவளக்கனி திரும்பிப் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டாள். முன்கொண்டை அவிழ்ந்தது, காதோரத்துக் கொண்டைகள் அவிழ்ந்தன, உச்சிக்கொண்டை அவிழ்ந்தது, மாதக்கணக்கில் தண்ணீர் காணாத முடி சிக்கும் சடையுமாக, ஒடிந்ததும் ஒடியாததுமாக, அவள் தோளிலும் முதுகிலும் அப்பன் காலிலும் விழுந்தது. அவள் வாயைத் திறந்து “அப்பா” என்றாள். அந்த ஒரு சத்தத்துக்கு அப்புறம் எங்களுக்கு வேறு சத்தம் கேட்கவில்லை. தையிலிருந்து கட்டிவைத்ததெல்லாம் வந்தது.

ஊர் ஓடியது. துக்கவீட்டில் இருக்கிறோம் என்று இல்லை, பிணம் வாசலில் கிடக்கிறது என்று இல்லை, போர்வையைத் தூக்கிக்கொண்டு, பாயைத் தூக்கிக்கொண்டு, பந்தலுக்குக் கட்டியிருந்த தார்ப்பாயைக்கூட அவிழ்த்துக்கொண்டு அளத்தைப் பார்த்து ஓடினார்கள். கொட்டுக்காரன் கொட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினான். பாடை கட்டிக்கொண்டிருந்த நாலு பேர் மூங்கிலைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஆள் ஆளுக்கு உப்பு அம்பாரத்தின் மேல் ஏறிப் படுத்து உடம்பால் மூடினார்கள்; அடியில் உப்புக் கரையக் கரைய, கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு இறங்கி, கடைசியில் சேற்றில் குப்புறக் கிடந்தார்கள். முதலாளியும் அப்படித்தான் கிடந்தார் என்று சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் ஆயுசில் ஒரு சந்தோஷம் கூடியிருக்கும்.

வாசலில் நானும் அவளும் உத்தண்டுவும்தான். என் இடுப்பு ஒரு மூட்டை பஞ்சைக்கூடத் தூக்காது. மகள் தலையை விரித்துவிட்டாள், தூக்க ஆள் இல்லை. அவள் எழுந்து மழைக்குள்ளேயே மூங்கிலை எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள். நான் கயிற்றைப் பிடித்தேன்.

அப்போது எல்லைக் கல்லைத் தாண்டி முள்ளிக்கரிசல்காரர்கள் வந்தார்கள். மழையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, அதில் நனைந்தாவது போவோம் என்று வந்தவர்கள். சிலர் கையில் குடம் இருந்தது. வாசலுக்கு வந்ததும் சங்கிலி நின்றார். குடத்தைக் கீழே வைத்தார்.

“யாரு தாயி, அப்பாவா?”

“ஆமா.”

அவர் என் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டார். அவர்களே பாடை கட்டினார்கள், அவர்களே தூக்கினார்கள், முழங்கால் சேற்றில் ஒருத்தர் வழுக்கினால் இன்னொருத்தர் தோள் கொடுத்து, முன்பின் முகம் தெரியாத என் தம்பியைக் கொண்டுபோய்க் குழிக்குள் இறங்கிய தண்ணீரை இறைத்து இறைத்து அடக்கம் பண்ணினார்கள். பவளக்கனி தலைவிரி கோலமாகச் இடுகாட்டு எல்லைவரை பின்னால் நடந்து வந்தாள். யாரும் அவளை நிறுத்தவில்லை. நிறுத்துகிறவர்களெல்லாம் அளத்தில் கிடந்தார்கள்.

மறுநாளும் மழை. ஊர் முழுவதும் கணுக்கால் தண்ணீர். முதலாளி குடை பிடித்துக்கொண்டு வந்தார், பின்னால் வேலம்மாள், அவளுக்குப் பின்னால் மிச்சம் ஊர்.

“பவளம், அடக்கந்தான் முடிஞ்சிருச்சே. இனி அள்ளி முடிஞ்சிரு தாயி. அளத்துக்குத் தண்ணி தேக்குத தெப்பமெல்லாம் ஒடைஞ்சிரும் போல இருக்கு.”

அவள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். முடி நனைந்து, சிக்கு இளகி, சுருள் சுருளாக மறுபடி எழும்பிக்கொண்டிருந்தது.

“எண்ணெ இல்லாம இந்த முடி கொண்டையில நிக்காது முதலாளி. பதினாறு கழியாம தலையில எண்ணெ வைக்கலாமா? எனக்கு முறை தெரியாது. அத்தைகிட்டயே கேளுங்க.”

எல்லோரும் வேலம்மாளைப் பார்த்தார்கள். முதலாளி கண்ணால் ஜாடை காட்டினார். வேலம்மாள் வாழ்நாள் முழுவதும் ஊருக்கு முறை சொல்லிச் சொல்லியே முன்வரிசையில் இடம் பிடித்தவள். அதை விட்டுவிட்டால் அவளுக்கு உட்கார வேறு இடம் இல்லை.

“கூடாதுதான்,” என்றாள்.

பதினாறு நாளும் பெய்தது. எல்லைக் கல்லுக்கு அடங்காமல் மேற்கேயும் வழிந்து, முள்ளிக்கரிசலில் கம்பு முளைத்தது. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அவர்கள் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து சமைத்தார்கள். கரிச்சான்துறை கூப்பிடாமலே வந்தது. சாப்பாடு என்றால் அவர்களுக்குக் கூச்சம் கிடையாது. முதல் பந்தியிலேயே முதலாளி உட்கார்ந்தார். சாம்பாரை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“உப்பு இல்லையே,” என்றார்.

பவளக்கனி ஈரத்தலையோடு சோற்றுவாளியைப் பிடித்துக்கொண்டு அவர் இலைக்கு முன்னால் நின்றாள்.

“ஊர்லயே இல்ல முதலாளி,” என்றாள். “இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கட்டா?”

அவர் இலையைப் பார்த்தார். பிறகு, வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.